அகமும் மனையும்: அன்றாட வாழ்வில் அன்பின் ஆற்றல்

அன்பின் ஆற்றலை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் அரிய செயல்களையே சான்றாகக் காட்டுவர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும், கணவன் பொருட்டு மதுரையில் நீதி கேட்ட கண்ணகியும் மேடைதோறும் பேசப்படுகின்றனர். இவர்தம் பெருமை மறுத்தற்கு உரியதன்று. எனினும், இத்தகைய சான்றுகளையே மீண்டும் மீண்டும் கேட்கும் மாணாக்கர் உள்ளத்தில், அன்பு என்பது வாழ்நாளில் என்றோ ஒரு நாள் மின்னலெனத் தோன்றி மறையும் வியத்தகு நிகழ்ச்சி என்னும் எண்ணம் வேரூன்றி விடுகின்றது. அகப்பாடல்களைக் களவொழுக்கத்தின் பாடல்களாக மட்டுமே கற்கும் பழக்கம் இவ்வெண்ணத்திற்கு மேலும் வலிமை தருகின்றது.

தொல்காப்பியர் களவியல் வகுத்ததோடு நில்லாமல் கற்பியலும் வகுத்தார். சந்திப்பின் வியப்புத் தீர்ந்த பின்னர்த் தொடங்கும் நெடிய வாழ்க்கைக்கும் இலக்கணம் உண்டு என அவர் கருதினார் என்பது இதனால் விளங்கும். சமைத்தல், உண்ணல், பொருள் தேடல், ஊடல், மகவு வளர்த்தல், அண்டை வீட்டார்க்குக் கடன் திருப்புதல் ஆகிய எளிய செயல்களின்கண் அன்பு யாங்ஙனம் தொழிற்படுகின்றது என்பதற்குச் சங்கச் சான்றோரும் வள்ளுவரும் தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அகம் என்னும் சொல்

அகம் என்னும் சொல் பல பொருள் ஒரு சொல். உள்ளிடம், நெஞ்சம், வீடு என்னும் மூன்று பொருளும் அதற்கு உண்டு. காதல் வாழ்வு பற்றிய இலக்கியப் பகுப்பிற்கும் அதுவே பெயர். ஒரே சொல் நெஞ்சையும் மனையையும் குறித்து நிற்றல் சிந்தித்தற்கு உரியது. நெஞ்சில் நிகழ்வது மனையில் புலப்படும். மனையில் நிகழ்வது நெஞ்சில் சென்று தங்கும். அகப்பாடல்களுள் பெரும்பகுதி இவ்விரண்டற்கும் இடையே நிகழும் போக்குவரவையே பாடுகின்றது எனலாம்.

வள்ளுவரும் அன்புடைமை அதிகாரத்தைத் தொடங்குங்கால் மனைக்குரிய பொருள் ஒன்றையே உவமையாக எடுத்துக் கொள்கின்றார். அன்பை உள்ளே வைத்து அடைத்தற்குத் தாழ்ப்பாள் இல்லை என்றும், அன்புடையாரின் சிறு கண்ணீரே அதனை வெளிப்படுத்தி விடும் என்றும் அவர் கூறுகின்றார். நெஞ்சம் கதவுடைய வீடாகவும், அன்பு அதனுள் அடங்கி இராத ஒன்றாகவும் ஈண்டுக் காட்டப்படுகின்றன. வெளிப்படுவதும் பெருவெள்ளம் அன்று; சிறு துளியே. அன்பின் சான்று அளவிற் சிறியது என்னும் குறிப்பு இதன்கண் உளது.

இனி, நெஞ்சினைத் தமிழ் மரபு எவ்வாறு கருதியது என்பதும் நோக்கத்தக்கது. நெஞ்சினை உறுப்புடையது போலவும், உணர்வுடையது போலவும், மறுமொழி கூறுவது போலவும் வைத்துப் பேசுதல் மரபு எனத் தொல்காப்பியப் பொருளியல் கூறும். மூன்றாவதாகச் சொல்லப்பட்ட மறுமொழி என்பதே இன்றியமையாதது. நெஞ்சு தலைவனுக்கோ தலைவிக்கோ முற்றும் கட்டுப்பட்ட ஏவலாள் அன்று. அது மாறுபடும், வழக்காடும், ஒரோவழி விட்டுச் செல்லவும் செய்யும். ஆகவே, அன்புடைய நெஞ்சோடு வாழ்தல் என்பது நாள்தோறும் அந்நெஞ்சோடு உரையாடி வாழ்தலாகும்.

2. புளிக்குழம்பும் ஒரு சொல்லும்

கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167 ஆம் பாடல் பலரும் அறிந்தது. மகளின் மனைக்குச் சென்று திரும்பிய செவிலி, தான் கண்டதை நற்றாய்க்குக் கூறுகின்றாள். தலைவி முற்றிய தயிரைத் தன் மெல்விரலால் பிசைந்தாள். விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திருந்தாள். தாளிப்பின் புகை அவள் மையுண்ட கண்களில் படிந்தது. இவ்வாறு தானே துழாவிச் சமைத்த இனிய புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்டான்; அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. பாடலின் செய்தி இவ்வளவே.

இதில் வியத்தகு நிகழ்ச்சி எதுவும் இல்லை. போரில்லை, பிரிவில்லை, உடன்போக்கில்லை. தயிரும் புகையும் அழுக்குப் படிந்த ஆடையும் உள்ளன. புலவர் அவ்வழுக்கையும் புகையையும் மறைக்க முயலவில்லை என்பதை நாம் கருத வேண்டும். தலைவியின் விரலையும் கண்ணையும் மலரோடு ஒப்பிட்ட புலவர், அம்மலர் விரலில் தயிரையும் அம்மலர்க் கண்ணில் புகையையும் படிய வைத்தார். அழகும் உழைப்பும் ஒரே உடலில் ஒருங்கே காட்டப்படுகின்றன. செவிலி கொண்டுவந்த நற்செய்தி, மகள் செல்வமாக வாழ்கின்றாள் என்பதன்று. மகள் செய்த பணி கண்டுகொள்ளப்படுகின்றது என்பதே.

நுண்ணிதாக என்னும் சொல்லின்பால் மாணாக்கர் கருத்துச் செலுத்துதல் வேண்டும். தலைவி சிரித்தாள் என்றோ நாணினாள் என்றோ கூறப்படவில்லை. அடுத்திருந்து நோக்கிய செவிலி ஒருத்திக்கே புலப்படும் அளவிற்கு அம்மகிழ்ச்சி சிறியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் உவகையை இறுதியில் வைத்து, அது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்னும். இத்தலைவியின் உவகை இந்நான்கனுள் எதன்பாற்படும்? செல்வம் பற்றி வந்ததன்று, விளையாட்டும் அன்று. புணர்வு என்பதனை மெய்யுறு கூட்டமாக மட்டும் கொண்டால் அதனுள்ளும் அடங்காது. இரு நெஞ்சங்கள் ஒரு செயலின்கண் கூடுதலும் புணர்வே எனக் கொண்டால் மட்டுமே இவ்வுவகைக்கு இடம் கிடைக்கும். அவ்வாறு கொள்ளுதல் பாடலுக்குப் பொருந்துவதாகும். ஏனெனில் அவள் கையும் அவன் நாவும் ஒரு கலத்தின்மேல் சந்திக்கும் கணமே இப்பாடலின் உயிர்.

ஈண்டு ஒரு தடை எழலாம். உழைப்பு முழுதும் தலைவியுடையதாக, தலைவன் ஒரு சொல் மட்டுமே தந்தான். இஃது ஒத்த அன்பாகுமா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மனைத்தொழிலைப் பெண்பாலார்க்கே உரியதாக்கிய ஒரு சமுதாயத்தின் சுவடு இப்பாடலில் உண்டு. அதனை இல்லை என்று மறைத்தல் ஆராய்ச்சி நெறியாகாது. ஆயினும், அச்சமுதாயத்திற்குள்ளேயே நின்று புலவர் காட்டுவது வேறொன்று. அவ்வொரு சொல் இல்லாதிருப்பின் அவ்வுழைப்பு வெறும் ஏவற்பணியாகவே எஞ்சும். உழைப்பை அன்பாக்குவது அது மற்றொரு நெஞ்சால் அறியப்படுதலே. சொல்லப்படாத நன்றியின் இழப்பு எத்துணைப் பெரிது என்பதையும் இப்பாடல் எதிர்மறையாக உணர்த்துகின்றது.

3. குறைந்த உணவும் நிறைந்த உள்ளமும்

போதனார் பாடிய நற்றிணை 110 ஆம் பாடல் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திச் செவிலியர் கெஞ்சவும் மிரட்டவும் உண்ண மறுத்து, முத்துப்பரல் இட்ட சிலம்பு ஒலிக்கப் பந்தரின் கீழ் ஓடிய சிறுமி ஒருத்தி, இன்று வறுமையுற்ற கணவன் குடியில் வாழ்கின்றாள். தந்தை வீட்டு வளமான சோற்றை அவள் நினைப்பதும் இல்லை. ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கின்றாள். இவ்வறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என வளர்த்தோர் வியக்கின்றனர்.

இங்கும் அன்பு நிலைமையை மாற்றவில்லை. கணவன் குடியின் வறுமை நீங்கவில்லை, உணவு பெருகவில்லை. மாறியது அவள் வறுமையை ஏற்கும் முறையே. ஓடும் நீரின் வழியே படிந்து கிடக்கும் நுண்மணலைப் புலவர் அவளுக்கு உவமை ஆக்கினார். அறல் மணல் நீரோடு போராடுவதில்லை. நீர் சென்ற வழியைத் தன்மேல் வரிவரியாகத் தாங்கி அழகு பெறுகின்றது. வளைந்து கொடுத்தல் வலிமையின்மை அன்று என்பது உவமையின் உட்கோள்.

ஆயினும், இப்பாடலை வறுமையின் புகழாகக் கொள்ளுதல் பிழையாகும். வளர்த்தோர் குரலில் பெருமிதத்தோடு இரக்கமும் கலந்துள்ளது. பால் வேண்டாம் என ஓடியவள் இன்று பசியோடு பொறுத்திருக்கின்றாள் என்னும் முரண், கேட்போர் நெஞ்சை வருத்தும். அன்பு பசியை இன்பமாக மாற்றிவிடும் எனப் புலவர் கூறவில்லை. பசியிருந்தும் அது மனிதனைச் சிறுமைப்படுத்தாதவாறு அன்பு காக்கும் என்றே கூறுகின்றார். இவ்வேறுபாட்டை உணராது போவோர், பிறர் வறுமைக்கு அன்பை மருந்தாகக் கூறித் தம் கடமையைத் தட்டிக் கழிக்கவும் கூடும்.

4. இரண்டு யானையும் ஒரு கயிறும்

நெஞ்சு மறுமொழி கூறும் என்னும் தொல்காப்பியக் கருத்திற்கு நற்றிணை 284 ஆம் பாடல் சிறந்த எடுத்துக்காட்டு. பொருள் தேடச் சென்ற தலைவன் இடைவழியில் நிற்கின்றான். அவளிடம் மீண்டு செல்வோம் என நெஞ்சு கூறுகின்றது. எடுத்த வினையை முடிக்காமல் விடுதல் இழிவைத் தரும். விரையாதே என அறிவு கூறுகின்றது. இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடல் அழிந்து போமோ என அவன் வருந்துகின்றான். இவ்வுவமையின் சிறப்பால் புலவர்க்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பதே பெயராயிற்று.

இஃது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல் எனினும், பிழைப்பின் பொருட்டுக் குடும்பத்தை விட்டுத் தொலைவிடம் செல்லும் எவர்க்கும் இன்றும் பொருந்துவது. இரு யானையுள் ஒன்று அன்பு, மற்றொன்று அன்பின் பகை எனக் கொள்ளுதல் கூடாது. பொருள் தேடுவதும் இல்வாழ்க்கையின் பொருட்டே. அன்பின் இரண்டு கடமைகள் ஒரே உடலைப் பற்றி இழுக்கின்றன. துன்பத்தின் வேர் அதுவே. அன்பிலாதவனுக்கு இத்துன்பம் இல்லை. அவன் எளிதில் போவான், எளிதில் தங்குவான். ஆகவே, அன்பின் ஆற்றல் எப்போதும் அமைதி தரும் என்பதற்கில்லை. அது நெஞ்சைப் பிளக்கும் ஆற்றலும் ஆகும். எந்த யானை வென்றது எனப் புலவர் கூறாது விட்டது, அன்றாட வாழ்வில் இவ்வழக்கு முடிந்த பாடில்லை என்பதனை நன்கு அறிந்தமையால் போலும்.

தலைவியின் நெஞ்சும் இவ்வாறே வழக்காடுகின்றது. வள்ளுவர் காமத்துப்பாலில் நெஞ்சொடு கிளத்தல் என 125 ஆம் அதிகாரமும், நெஞ்சொடு புலத்தல் என 130 ஆம் அதிகாரமும் வகுத்தார். முன்னதில், அவரிடம் செல்வாயாயின் இக்கண்களையும் உடன் கொண்டு செல், அவரைக் காண வேண்டும் என இவை என்னைத் தின்கின்றன என்று தலைவி நெஞ்சை வேண்டுகின்றாள். பின்னதில், அவருடைய நெஞ்சு அவருக்கே துணையாக நிற்பதைக் கண்டும் நீ மட்டும் எனக்குத் துணையாகாதது ஏன் எனச் சினக்கின்றாள். தூதாக வேண்டப்பட்ட நெஞ்சே குற்றவாளியாக நிறுத்தப்படுகின்றது. இருபது குறட்பாக்களை நெஞ்சோடு பேசுதற்கே ஒதுக்கிய ஆசிரியர், உள்ளப் பூசலை அன்பின் குறையாகக் கருதவில்லை என்பது தெளிவு.

5. ஊடலும் கடமையும்

அன்றாட அன்பில் மனவருத்தத்திற்கும் இடம் உண்டு. புலவி உப்பினைப் போன்றது, சிறிது மிகினும் கெடும் என வள்ளுவர் அடுக்களையிலிருந்தே உவமை கொண்டார். உப்பே இல்லாத உணவு சுவையாது. உப்பு மிகுந்த உணவு உண்ணப்படாது. அளவறிதல் சமைப்பவர் கையைப் பொறுத்தது. எழுதி வைத்த அளவுகோல் இதற்கு இல்லை. நாள்தோறும் சுவைத்துப் பார்த்தே அறிதல் வேண்டும்.

அளவு கடந்த வருத்தமும் பாடப்பட்டுள்ளது. குறுந்தொகை 181 ஆம் பாடலில், தலைவன் பரத்தையிற் பிரிந்த கொடுமையைக் கூறும் தோழிக்குத் தலைவி விடை தருகின்றாள். அவர் இன்னர் என்று பேசுவதால் பயன் யாது, வளமனையின் பல கடமைகளை மேற்கொண்ட முதுபெண்டிர் ஆகிவிட்டோம் அல்லமோ என்பது அவள் விடை. இதனைப் பொறுமையின் உயர்நிலை எனப் போற்றுவாரும் உளர். அவ்விடையில் ஒலிக்கும் கசப்பினையும் நாம் கேட்டல் வேண்டும். நெஞ்சு வறண்ட பின்னரும் கடமை தொடர்கின்றது, விருந்தினர் வருகின்றனர், மக்கள் பசிக்கின்றனர். மனை நிற்கின்றது, ஆனால் அகம் என்னும் சொல்லின் இரு பொருளும் இங்குப் பிரிந்து போயின. கடமை அன்பின் வடிவமாக இருத்தல் கூடும். அன்பு நீங்கிய பின் எஞ்சும் கூடாகவும் இருத்தல் கூடும். 167 ஆம் பாடலின் தலைவியும் 181 ஆம் பாடலின் தலைவியும் செய்வது ஏறத்தாழ ஒரே மனைத்தொழில்தான். ஒருத்தியின் முகம் மகிழ்கின்றது. மற்றொருத்தி தன்னை முதியவள் என்கின்றாள். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட தொலைவே அன்பின் ஆற்றலை அளக்கும் கோல்.

6. குறியெதிர்ப்பையும் கொடையும்

ஒரு பொருளை அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதனைப் பழந்தமிழர் குறியெதிர்ப்பை என்றனர். அரிசியோ எண்ணெயோ அண்டை வீட்டில் அளந்து பெற்று மறுநாள் திருப்புவது இன்றும் நம் தெருக்களில் காணப்படும் வழக்கமே. வறியார்க்கு ஈவதே ஈகை, ஏனையவெல்லாம் குறியெதிர்ப்பையின் நீர்மையன எனக் கூறி, வள்ளுவர் அன்பின் கொடையை இவ்வழக்கத்தினின்றும் வேறுபடுத்தினார்.

புறநானூறு 163 ஆம் பாடலில் இவ்விரண்டும் ஒருங்கே வருகின்றன. நெடுங்காலம் வறுமையில் உழன்ற பெருஞ்சித்திரனார் முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று மீள்கின்றார். தம் மனைவியை நோக்கிப் பேசுகின்றார். நின்னை விரும்பினார்க்கும், நீ விரும்பினார்க்கும், சுற்றத்தார்க்கும், நம் பசி தீரக் கடனாகத் தந்தவர்க்கும் கொடு என்கின்றார். அதனோடு நில்லாமல், இன்னார் என்று பாராமலும், என்னைக் கேளாமலும், சேமித்து நன்கு வாழ்வோம் என்று எண்ணாமலும் எல்லார்க்கும் கொடு என்கின்றார்.

கடன் தந்தோரை அவர் மறவாமை கருதத்தக்கது. குறியெதிர்ப்பையை அன்பு இகழ்வதில்லை. முதற்கண் அதனைத் தீர்க்கின்றது. பின்னர் அதனைக் கடந்து செல்கின்றது. என்னைக் கேளாமல் கொடு என்னும் உரிமை மற்றொரு சிறப்பு. வறுமைக் காலத்தில் அடுப்பெரித்தவள் அவள்; யார் யார் உதவினர் என்பதை அறிந்தவளும் அவளே. ஆகவே கொடுக்கும் ஆணையும் அவளுக்கே உரியதாகின்றது. கணவன் மனைவியரிடையே உள்ள நம்பிக்கை தெருவார்க்கெல்லாம் உணவாக மாறும் காட்சி இது.

திருக்குறள் அதிகார வைப்பு இதனையே முறைப்படுத்திக் காட்டுகின்றது. இல்லறவியலில் இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு ஆகியவற்றின் பின் 8 ஆம் அதிகாரமாக அன்புடைமை நிற்கின்றது. அதன் பின்னர் விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல் என்பன வருகின்றன. துணையாலும் மக்களாலும் நெஞ்சு பழகிய பின்னரே அன்பு ஓர் அறமாகக் கூறப்படுகின்றது. அவ்வன்பு உடனே வாயிலைத் திறந்து விருந்தினரை அழைக்கின்றது. மக்களால் நெஞ்சு பழகுதல் யாங்ஙனம் என்பதற்குப் பாண்டியன் அறிவுடை நம்பியின் புறநானூறு 188 ஆம் பாடல் சான்று. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர்க்கும், சிறு கை நீட்டிச் சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லையாயின் வாழ்நாளில் பயன் இல்லை என அரசன் ஒருவனே கூறுகின்றான்.

தொடர்புடையார்மேற் செல்வது அன்பு என்றும், தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்றும் பரிமேலழகர் பிரித்துக் காட்டுவர். அருளுடைமை துறவறவியலின் தொடக்கமாக 25 ஆம் அதிகாரத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆயினும், அருளை அன்பு பெற்ற மகவாகவும், பொருளை அதனை வளர்க்கும் செவிலியாகவும் பொருட்பாலில் வள்ளுவரே கூறுதலின், மனையில் பிறவாத அருள் தாயற்றது என்பது போதரும். உலகம் முழுவதையும் நேசிப்பதாகக் கூறித் தன் மனையில் இன்சொல் வழங்காதவனுடைய அருள் ஐயத்திற்கு உரியதே.

7. முடிவுரை

1894 ஆம் ஆண்டில் புறநானூறும், 1915 இல் நற்றிணையும், 1937 இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பாகக் குறுந்தொகையும் அச்சேறின. திருக்குறள் அன்பு பற்றிக் கூறும் அறத்தினை, அதனை நாள்தோறும் வாழ்ந்து காட்டிய மாந்தரின் சித்திரத்தோடு ஒப்பிட்டுக் கற்கும் வாய்ப்பினை இப்பதிப்புக்கள் நமக்கு நல்கின. அவ்வாறு கற்குங்கால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. அன்பு வறுமையையோ உழைப்பையோ பிரிவையோ தானே நீக்குவதில்லை. அவற்றின் நடுவே மனிதரை மனிதராக நிறுத்துகின்றது. அவ்வாற்றல் தானே நிலைபெறுவதன்று. நெஞ்சோடு வழக்காடி நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது. புதுப்பிக்கப்படாதபோது கடமை மட்டுமே எஞ்சும். மனையில் பழகிய அன்பே வாயிலைக் கடந்து கொடையாகவும் அருளாகவும் விரியும்.

அகத்திணைக் கற்பியற் பாடல்களைச் செவிலி கூற்று, தலைவி கூற்று எனக் கூற்றுவகையால் மட்டும் பிரித்துக் கற்பதோடு அமையாமல், அவற்றில் வரும் அடுக்களை, கலம், உணவு, கடன், ஆடை முதலிய மனைப்பொருள்களின் வழியாகவும் தொகுத்து ஆராய்தல் பயனுடையது. ஒரு கலத்துக் குழம்பும் அதனை இனிது என்ற ஒரு சொல்லும் இத்துணைக் காலம் நிலைத்து நிற்கக் காரணம் யாது என்பதை அவ்வாராய்ச்சி மேலும் விளக்கும்.